ஹாலில் ஒரு காத்தாடிச் சத்தம்

சென்ற ஆண்டு தை மாதம் என் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. கொஞ்ச நாள் மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கட்டிலைக் கீழே இறக்கி ஹாலில் போட்டோம். அதே ஹாலின் மூலையில், தெருப்பக்கச் சன்னலுக்குக் கீழே என் கம்ப்யூட்டர் இருக்கிறது. நீங்கள் படிக்கும் இந்தப் பதிவுகளையெல்லாம் அதில்தான் எழுதுகிறேன். பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் எழுத உட்காருவேன். பகலில் வீட்டுக்கு யாராவது பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்று. நாற்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை விடவில்லை.

கட்டில் வந்த முதல் வாரத்திலேயே ஒருநாள் ராத்திரி அவள் திரும்பிப் படுத்துக்கொண்டே, "என்னங்க இது, மாவு மில்லு மாதிரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு மட்டும் அது மனதில் தைத்துவிட்டது. உண்மையிலேயே அந்தப் பெட்டி இரைந்துகொண்டுதான் இருந்தது. பத்து வருஷத்துப் பெட்டி. உள்ளே இரண்டு காத்தாடிகள்: ஒன்று பிராசசர் தலைமேல், இன்னொன்று பெட்டியின் முன்பக்கம், 12 சென்டிமீட்டர் அகலத்தில்.

பள்ளியில் எங்களுக்குக் காத்தாடி 'வாந்திலாத்தேர்'. தமிழில் எழுதிப் பார்த்தால் வாந்தி ஞாபகம் வருகிறது, மன்னிக்கவும். கம்ப்யூட்டருக்குப் பள்ளியில் சொல் கற்ற ஞாபகமே இல்லை. பிறகு தெரிந்துகொண்டதுதான் 'ஓர்தினாத்தேர்'. ஐபிஎம் பிரான்ஸ் கம்பெனி கேட்டதற்காக ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் 1955-ல் எடுத்துக் கொடுத்த சொல் அது. ஒழுங்குபடுத்துகிறவர் என்று பொருள், பழைய அகராதியில் கடவுளுக்குச் சொன்ன சொல்லாம். என் மேசைக்கடியில் இரைந்துகொண்டிருந்த கடவுளை எப்படி அடக்குவது என்பதுதான் அப்போது என் பிரச்சினை.

துலூஸில் படிக்கும் பேரனிடம் வீடியோ காலில் சொன்னேன். என் பெட்டியில் லினக்ஸ் மின்ட் போட்டுத் தந்தவன் அவன்தான். என் சௌகரியத்துக்காகப் பிரெஞ்சு மொழியிலேயே அமைத்திருந்தான். "தாத்தா, முதல்ல தூசி தட்டுங்க. அப்புறம் எல்எம்-சென்சார்ஸ் போட்டு உள்ள எவ்வளவு சூடுன்னு பாருங்க. பாத்துட்டுத்தான் காத்தாடியைக் குறைக்கணும்" என்றான்.

தூசி விஷயத்தில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நம் ஊரில் தூசியோடு உப்புக் காற்றும் சேர்கிறது. பெட்டியைத் திறந்தால் திருகாணித் தலையெல்லாம் துரு, காத்தாடி இறக்கைகளில் கம்பளி மாதிரி அழுக்கு. கடைத் தம்பி புளோயரோடு வந்து ஊதினான். அதிலேயே பாதிச் சத்தம் போய்விட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது.

ஆனால் கொஞ்சம் விஷயம் தெரிந்தவன் அங்கே நிற்பானா? எல்எம்-சென்சார்ஸ், ஃபேன்கன்ட்ரோல் என்ற இரண்டையும் நிறுவினேன். நிறுவும்போது மின்ட் என்னிடம் பிரெஞ்சில் 'ஓ'வா 'என்'னா என்று கேட்டது. ஓ என்றால் உய், அதாவது ஆமாம். அடுத்து சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற கட்டளை கொடுத்தால் அது ஆங்கிலத்தில் வரிசையாகக் கேள்வி கேட்கிறது: இந்தச் சில்லைத் தேடட்டுமா, அந்தச் சில்லைத் தேடட்டுமா என்று. அது தரும் இயல்பான பதிலையே ஏற்றுக்கொண்டு என்டர் தட்டிக்கொண்டு போனால் போதும். முடிவில், உன் பெட்டிக்கு இன்னின்ன டிரைவர்கள் தேவை என்று பட்டியல் தருகிறது. எனக்குக் கிடைத்தவை இரண்டு. பிராசசருக்குள் இருக்கும் வெப்ப உணரியைப் படிக்க 'கோர்டெம்ப்', மதர்போர்டிலுள்ள கண்காணிப்புச் சில்லைப் படிக்க 'என்சிடி6775'.

பிறகு 'சென்சார்ஸ்' என்று ஒரு சொல் தட்டினால் போதும், திரையில் அட்டவணை வந்துவிடுகிறது. பிராசசரின் ஒவ்வொரு கோரும் இத்தனை டிகிரி, காத்தாடி நிமிஷத்துக்கு இத்தனை சுற்று, மின்னழுத்தம் இத்தனை வோல்ட். முதல் நாள் எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. பத்து வருஷம் கூடவே இருந்த ஒருத்தனின் நாடியைப் பிடித்துப் பார்த்த மாதிரி.

ஒரு வரி மட்டும் 127 டிகிரி என்று காட்டியது. பதறிப்போய்ப் பேரனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிரித்தான். சில்லில் அந்த உணரிக்கு இடம் இருக்கிறதாம். ஆனால் இந்த மதர்போர்டில் அந்த இடத்தில் எதையும் இணைக்கவில்லையாம். இணைக்காத இடத்தில் வாய்க்கு வந்த எண் வரும். எங்கள் ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் ஒரு பதவி பல வருஷம் இருந்தது, ஆள் கிடையாது. வரவு செலவுத் திட்டத்தில் மட்டும் வருஷா வருஷம் வரும். அதைப் போலத்தான் இதுவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டிகிரி என்றதும் பள்ளி ஞாபகம். எங்கள் ஆசிரியர் 'சாந்திகிராத்' என்பார், செல்சியஸ் என்று சொல்லமாட்டார். அதிகாரபூர்வமாக 1948-லேயே பெயர் செல்சியஸ் என்று மாறிவிட்டது. ஆனால் புதுச்சேரி வகுப்பறைக்கு அந்தச் செய்தி நிதானமாகத்தான் வந்து சேர்ந்தது. சுவீடன்காரரான செல்சியஸ் 1742-ல் வகுத்த அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. தலைகீழ்! அடுத்த வருஷம் லியோனில் ழான்-பியேர் கிறிஸ்தேன் என்பவர் செய்த வெப்பமானியில்தான் இப்போது நாம் பார்க்கிற மாதிரி எண்கள் கீழிருந்து மேலே ஏறின. பேரனிடம் இதைச் சொன்னேன். "அப்படியா தாத்தா" என்றான். அவ்வளவுதான் மரியாதை.

சரி, காத்தாடிக்கு வருகிறேன். வீட்டுக் கூரை ஃபேனுக்கு அந்தக் காலத்தில் கனமான ரெகுலேட்டர் இருக்குமே, வேகத்தைக் குறைத்தால் அது தொட முடியாதபடி சுடும். மிச்ச மின்சாரத்தையெல்லாம் சூடாக்கி வீணாக்கும் ஏற்பாடு அது. கம்ப்யூட்டர் காத்தாடியில் அந்த முறை இல்லை. நான்கு கம்பி வரும் காத்தாடியாக இருந்தால் நான்காவது கம்பி வழியாக விநாடிக்கு 25,000 தடவை 'போடு, நிறுத்து' என்று உத்தரவு போகிறது. போட்டிருக்கும் நேரம் அதிகமானால் வேகம் அதிகம், நிறுத்தியிருக்கும் நேரம் அதிகமானால் வேகம் குறைவு. ஊஞ்சலை விட்டு விட்டுத் தள்ளுகிற மாதிரி. இதற்கு பிடபிள்யூஎம் என்று பெயர். லினக்ஸில் இதை 0 முதல் 255 வரை ஒரு எண்ணாகக் கொடுக்க வேண்டும். 255 என்றால் முழு வேகம்.

எந்த எண் எந்தக் காத்தாடிக்கு என்று கண்டுபிடிக்க பிடபிள்யூஎம்கான்ஃபிக் என்று ஒரு நிரல் இருக்கிறது. அது செய்வது கொஞ்சம் முரட்டு வைத்தியம். ஒவ்வொரு காத்தாடியாகச் சில விநாடி நிறுத்திப் பார்க்கும், எதன் சுற்று விழுகிறது என்று. நிறுத்துகிறேன், சூடு ஏறினால் அதற்குத் தயாராக இரு என்று முன்கூட்டியே எச்சரிக்கும். பெட்டி திடீரென்று ஊமையாகிவிட, நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்து அது கேட்கும் கேள்விகள்தான் முக்கியம். எந்தக் காத்தாடி எந்த உணரியைப் பார்த்து ஓட வேண்டும்? எத்தனை டிகிரிக்குக் கீழே குறைந்தபட்ச வேகம்? எத்தனை டிகிரிக்கு மேலே முழு வேகம்? நின்ற காத்தாடி எந்த எண்ணில் மறுபடி சுற்றத் தொடங்கும், ஓடுகிற காத்தாடி எந்த எண்ணில் நிற்கும்? இந்தக் கடைசி இரண்டும் ஒன்றல்ல. பழைய கூரை ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் நிறுத்திவிட்டு ஒன்றாம் நம்பரில் போட்டால் கிளம்பாது, கம்பால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். என் முன்பக்கக் காத்தாடி 65-ல் நின்றது, 90 கொடுத்தால்தான் கிளம்பியது. இவற்றையெல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். பழக்க தோஷம்.

இரண்டு காத்தாடிகளையும் பிராசசர் சூட்டோடு கட்டினேன். முன்பக்கக் காத்தாடிக்கு, 50 டிகிரிக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், அதாவது நின்றே போய்விடு என்று உத்தரவு போட்டேன். நான் எழுதுவது வெறும் எழுத்து, பிராசசருக்கு அது கொசு கடித்த மாதிரி. 42, 43-ஐத் தாண்டவில்லை. அன்று ராத்திரி பெட்டி மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் கேட்டது. தெருக்கோடியில் நாய் குரைப்பது கேட்டது. "எப்படி இருக்கு?" என்று மனைவியிடம் கேட்டேன். "நல்லா இருக்கு" என்றாள். இரண்டு மூன்று நண்பர்களுக்கு போன் போட்டுப் பெருமையடித்தும் கொண்டேன்.

மாசி, பங்குனி, சித்திரை போயிற்று. கத்திரி வந்தது. மேல்காற்று பலமாக வீசுகிற நாட்களில் கடற்காற்று நேரத்துக்கு உள்ளே வராது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஹாலில் ராத்திரி பதினோரு மணிக்கு 36 டிகிரி. தினமும் சென்சார்ஸ் தட்டிப் பார்ப்பேன். பிராசசர் 48, 49. ஐம்பதைத் தொடவில்லை, நிம்மதி.

மே மாதக் கடைசியில் ஒருநாள் அப்பாவின் கடிதங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். திறக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்' என்று ஒரு சத்தம்.

அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சைகோனில் வேலை பார்த்தவர். 1948 முதல் 1953 வரை அங்கிருந்து அம்மாவுக்குத் தமிழில் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்தபோது தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் புகுந்தது. காயவைத்து, பிரிக்க முடிந்ததையெல்லாம் ஸ்கேன் செய்தேன். மொத்தம் 214 பக்கம். அதன் பிறகு தாள்கள் பொடியாகி உதிர்ந்துவிட்டன. மூலம் இல்லை. நகல் இந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. முதல் எண்பது பக்கம் மட்டும் ஒரு பழைய பென் டிரைவில். மீதியை இன்னொரு இடத்தில் வைக்க வேண்டும் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேரன் கேட்டான்: "தாத்தா, டிஸ்க் சூடு எவ்வளவு?" பட்டியலில் அப்படி ஒரு வரியே இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே ஒரு வெப்ப உணரி உண்டு. ஆனால் அதைப் படிக்க 'டிரைவ்டெம்ப்' என்ற தனி மாட்யூலை ஏற்ற வேண்டும். அது லினக்ஸ் கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து, அதாவது 2020-லிருந்து இருக்கிறது. நாமாக ஏற்றாத வரைக்கும் சென்சார்ஸ் அட்டவணையில் டிஸ்க் வராது. ஏற்றினேன். புது வரி வந்தது. 58 டிகிரி. பல டிஸ்க்குகளுக்கு உச்ச வரம்பே 60தான்.

ஏன் என்று யோசித்தால் வெட்கமாக இருந்தது. முன்பக்கக் காத்தாடிக்கு நேர் பின்னால்தான் டிஸ்க் மாட்டியிருக்கிறது. அந்தக் காத்தாடியின் வேலையே டிஸ்க்குக்குக் காற்று தருவதுதான். நானோ அதைப் பிராசசர் சூட்டுக்குக் கட்டி, பிராசசர் சும்மா இருப்பதால் நான்கு மாதமாக அதை நிறுத்தி வைத்திருந்தேன். பிராசசருக்குச் சூடு மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியும். அதற்கும் மிஞ்சினால் பெட்டியையே அணைத்துவிடும். என்னுடைய டிஸ்க் அப்படி எதுவும் செய்யவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலும் காத்தாடி எதையும் குளிர வைப்பதில்லை, சூட்டை வெளியே எடுத்துப் போகிறது, அவ்வளவுதான். அறையே 36 என்றால் டிஸ்க் அதற்குக் கீழே எங்கே போகும்? பத்து வருஷத்து டிஸ்க், சூடில்லாமலும் போயிருக்கலாம் என்று பேரன் சமாதானம் சொன்னான். நான் ஏற்கவில்லை.

புது டிஸ்க் ஒன்று வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் நகல் எடுத்தோம். அதன் முறை எனக்குப் பிடித்திருந்தது. கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாமல், முதலில் நல்ல இடங்களையெல்லாம் படித்து எடுத்துவிடும். பிறகு விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து மறுபடி மறுபடி முயலும். இரண்டு ராத்திரி ஓடியது. மேசை ஃபேனை எடுத்து, திறந்த பெட்டிக்கு முன்னால் வைத்தேன். கத்திரியில் நாங்கள் இருவரும் வியர்வையில் நனைந்துகொண்டு படுத்திருந்தோம்.

207 பக்கம் முழுசாகக் கிடைத்தது. நாலு பக்கம் திறக்கவே இல்லை. மூன்று பக்கம் அரைகுறை. அந்த மூன்றில் ஒன்று, நான் பிறந்த செய்தி கிடைத்ததும் அப்பா எழுதியது. மேல் பாதி இருக்கிறது: ஊர்ப் பெயர், தேதி, அம்மாவின் நலம் விசாரிப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறம். அதில் என்ன எழுதியிருந்தார் என்று ஓரளவு ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தில் இருப்பதும் அவர் எழுதியதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க இனி வழியில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு பெயர் சொல்லியிருந்தார். ஒன்று எனக்கு வைத்தது. மற்றது எது என்பதில் எனக்கும் தங்கைக்கும் இப்போது வாக்குவாதம்.

புது டிஸ்க்கோடு காத்தாடி ஏற்பாட்டை மறுபடி எழுதினேன். முன்பக்கக் காத்தாடி இப்போது டிஸ்க் சூட்டைப் பார்த்து ஓடுகிறது. டிரைவ்டெம்ப் பெயரைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டிய மாட்யூல்கள் பட்டியலில் சேர்த்தேன். மறுநாள் பெட்டியைத் திறந்தால் ஃபேன்கன்ட்ரோல் வேலைக்கு வர மறுத்துவிட்டது. புது ஆள் ஒருத்தர் வந்ததும் உணரிகளின் வரிசை எண்கள் மாறிவிட்டன. அமைப்புக் கோப்பில் எழுதியிருந்த எண்ணில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தவறான ஆளிடம் கோப்பைக் கொடுப்பதைவிட வேலையை நிறுத்துவது மேல் என்று அது நிறுத்திக்கொண்டது. என் பணிக்காலத்தில் இத்தனை யோக்கியமான சக ஊழியரை நான் அதிகம் பார்த்ததில்லை. பிடபிள்யூஎம்கான்ஃபிக்கை மறுபடி ஓட்டிச் சரிசெய்தேன்.

குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக விடக்கூடாது என்று பேரன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். 100 கொடுத்தேன். அன்று ராத்திரி லேசான இரைச்சல் திரும்ப வந்தது. கட்டில் பக்கம் திரும்பி, "இதுக்குக் கீழே குறைக்க முடியாதாம். கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன்.

"கேக்கட்டும், இருக்கட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தனை நாளா சத்தமே இல்லாம, நீங்க இருக்கீங்களா, எழுந்து மாடிக்குப் போயிட்டீங்களான்னே தெரியல. அப்பப்ப முழிச்சு முழிச்சுப் பாத்தேன். கால் வேற அசைக்க முடியாது" என்றாள்.

நான்கு மாதம். "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்க எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிக்கிட்டிருந்தீங்களே" என்றாள்.

நான் மறுபடி விசைப்பலகை பக்கம் திரும்பினேன். 110 கொடுத்து, "இப்ப?" என்றேன். "இன்னும் கொஞ்சம்" என்றாள். 125. "ஐயோ, இது மாவு மில்லு." 115. "கொஞ்சம் ஏத்துங்க." பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி கால்மணி நேரம் ஏற்றி இறக்கி, 118-ல் நிறுத்தினோம். நோட்டில் தேதி போட்டு அந்த எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன். கால் குணமாகி அவள் எப்போதோ மாடி ஏறத் தொடங்கிவிட்டாள். கட்டில் இன்னும் ஹாலில்தான் இருக்கிறது.